கண்டி நஸ்ராவின் ‘மறுகா’

நான் பதினொரு நாள் பெண்ணாக இருந்தேன்.

பெயர் நஸ்ரா. ஊர் கண்டி. வயது பதினான்கு. படிப்பது ஒன்பதாம் வகுப்பு. கணக்கு வராது.

இதில் கடைசி ஒன்று மட்டும் உண்மை. மற்றபடி அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தாடி இருந்தது. கல்முனையில் மேசன் வேலை. ஒரு பெண்சாதி, ஒரு மகள், ஒரு மகன். (மகன் சின்னவன். இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை.)

எழுதிப் பழக்கமில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்தக் கதையை ஊரில் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் நான் பெண்கள் போடும் ஹபாயா போட்டிருக்கிறேன். அதனால் நானே எழுதுகிறேன். ஹபாயா போடவில்லை.

எங்கள் பக்கம் வீட்டைக் கட்டுவதற்கு முன் மதிலைக் கட்டுகிறவர்கள் உண்டு. தெருவில் போகிறவன் கண் உள்ளே விழக் கூடாது. ஐந்தடி போதுமா, ஆறடி வேண்டுமா என்று என்னைக் கேட்பார்கள். நான் ஏழு என்பேன். என் வீட்டு மதிலும் ஏழடிதான். மேலே போத்தல் ஓடு பதித்திருக்கிறேன். பூனைகூட யோசித்துத்தான் வரும்.

அந்த வீட்டுக்குள் கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் வந்தது. மதிலேறி வரவில்லை. போன் வழியாக வந்தது. மகள் ரிஸ்னாவுக்கு ஒரு போன் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. பாடம் திரும்பிப் போனது. போன் போகவில்லை. ஆசிரியர்மார் அனுப்பும் வினாத்தாள், விளக்கம், வீட்டுவேலை எல்லாம் அதில்தான் வந்தது.

ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்தேன். ரிஸ்னா சமையல் குசினிப் படியில் இருந்து போனைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஆரோட புள்ள கதைக்காய்?"

"கிளாஸ் பானாவோட, வாப்பா."

"என்ன கதை?"

"சும்மா."

சும்மா என்பதும் ஒரு மதில். அது எத்தனை அடி என்று எந்த மேசனுக்கும் தெரியாது.

அந்தக் கிழமை ஜும்ஆப் பிரசங்கம் முழுக்கப் போனைப் பற்றித்தான். யாரோ ஒருவன் பெண்ணைப் போலப் பேசிப் பழகி, படம் கேட்டு, வீட்டுக்குச் சொல்லாதே என்று சொல்லி, ஒரு பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கிறான். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஊர் சொல்லாத கதைதான் அதிகம் பயம் தரும். அது நம் ஊராகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தேன். பத்து வருடத்துக்குப் போதுமான பேச்சை ஒரே மூச்சில் பேசினேன்.

"சாய்ந்தமருதுல ஒரு அத்திவாரம் வெட்டிரிக்கி. ஏதும் கோளாறு எண்டு கேள்விப்பட்டன், இந்தப் போன அதுக்குள்ள வெச்சிக் கொங்கிரீட் போட்டிருவன். மேல ரெண்டு மாடி வீடு வரும். மறுகா தோண்டவும் ஏலா."

(மறுகா என்றால் பிறகு. ‘மறுகா?’ என்று கேட்டால், பிறகு என்ன நடந்தது, சொல்லு என்று அர்த்தம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சொல். இதை மனதில் வையுங்கள். என்னைச் சாய்த்தது இந்தச் சொல்தான்.)

ரிஸ்னா போனைக் கவிழ்த்து வைத்தாள். பெண்சாதி ஜெஸீமா, "சோத்தத் தின்னுங்க. கொங்கிரீட் ஆறிப் போகும்" என்றாள்.

அதற்குப் பிறகு ரிஸ்னா என் முன்னால் போனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள்தான் மூளை வேலை செய்தது. சிரிப்பு நிற்கவில்லை. இடம் மாறியிருக்கிறது.

இதை மஜீதிடம் சொன்னேன். மஜீத் டைல்ஸ் பதிக்கிறவன். நான் கட்டும் வீடுகளில் அவன் பதிப்பான். அவன் மகனும் ரிஸ்னாவின் வகுப்புத்தான். பத்துமணித் தேத்தண்ணி குடிக்கும்போது அவன் யோசனை சொன்னான்.

"நீ வாப்பாவாக் கேட்டாச் சொல்ல மாட்டா மச்சான். கூட்டாளியாக் கேளு."

"நான் எப்பிடிடா கூட்டாளி?"

"போனத் தா."

அவன் என் போனில் ஒரு செயலியைத் திறந்தான். (பேர் வேண்டாம். எல்லார் போனிலும் இருப்பதுதான்.) பிள்ளைகள் படம் போட்டுக் கதைப்பது அதில்தான். பேர் கேட்டது. மஜீத் நஸ்ரா என்று போட்டான். படம் கேட்டது. ஒரு பூனைக்குட்டியைப் போட்டான். ஊர் கேட்டது.

"கல்முனை" என்றேன்.

"கல்முனையில ஆருட மகள், எந்த ஒழுங்கை எண்டு அடுத்த கேள்வி வரும். மறுமொழி சொல்லுவயா? தூரமாச் சொல்லு."

கண்டியில் நான் மூன்று மாதம் அணைச்சுவர் கட்டியிருக்கிறேன். குளிர், மலை இரண்டும் தெரியும். கண்டி என்றேன். அப்படித்தான் நஸ்ரா பிறந்தாள். ரிஸ்னாவின் பக்கத்தையும் மஜீதே தேடித் தந்தான்.

வேலை செய்யும் வீட்டில் பகல் சாப்பாடு முடிய, ஜன்னல் வைக்காத ஓர் அறையில் இருந்து எழுதுவேன். எழுதுவது லேசில்லை. சீமெந்து என் கைரேகையைத் தின்றுவிட்டது. விரலைப் போனில் வைத்தால் போன் என்னை ஆளாகவே எடுக்காது. நகத்தால் தட்ட வேண்டும். ஒரு ஸலாம் எழுதி முடிக்க ஒரு வரி கல் வைத்துவிடலாம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் நஸ்ரா. கண்டி. ஒன்பதாம் வகுப்பு. கணக்கு வராது."

ஒரு நாள் மறுமொழி இல்லை. அடுத்த நாள் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுது என்றேன். எழுதினாள். கணக்கில் எது வராது என்று கேட்டாள்.

எல்லாம் என்றேன்.

என் மகள் எனக்குக் கணக்குப் படிப்பிக்கத் தொடங்கினாள். பொறுமையாகச் சொன்னாள். விளங்காவிட்டால் திருப்பிச் சொன்னாள். எனக்குப் படிப்பித்த வாத்தியார் திருப்பிச் சொன்னதில்லை, திருப்பி அடித்தார். மூன்றாம் நாள் ஒரு கணக்கு அனுப்பினாள். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரம் ஓரடி. கனவளவு என்ன?

இது எனக்குத் தெரிந்தது. ஆசையில் உடனே எழுதினேன்.

"ஒரு கியூப்."

"கியூப் எண்டா?"

"மணல்."

(மேசன்மார் நூறு கன அடி மணலை ஒரு கியூப் என்பார்கள்.) அந்தப் பக்கம் மூன்று கேள்விக்குறி வந்தது. "எங்கட வாப்பா மணல் யாவாரம்" என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் அவளே கேட்டாள். "கண்டியிலயும் மறுகா எண்டா சொல்லுவீங்க?"

அதுவரைக்கும் நான் எத்தனை தரம் எழுதியிருந்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஒன்று சொல்வாள். என்ன எழுதுவதென்று தெரியாது. மறுகா? என்று போடுவேன். மூன்றெழுத்து. நகத்துக்கு வசதி. அவள் மேலே சொல்வாள். நான் திரும்பவும் மறுகா?

"எங்கட மாமி கல்முனை" என்று எழுதினேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. கொங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிறவனுக்கு இது புதிதில்லை.

ஏழாம் நாள் அவள் எழுதினாள். "எங்கட வாப்பா கதைக்க மாட்டாரு. மதில் கட்டுவாரு."

நான் நகத்தை எடுத்துவிட்டேன். பிறகு எழுதினேன்.

"கோவக்காரரா?"

"கோவம் இல்ல. கதை வராது. பாவம்."

"மறுகா?"

"அவரு கட்டுற வீடெல்லாத்தையும் நான் கொப்பியில பிளான் கீறி வெச்சிரிக்கன். எனக்கு வீடு கீறத்தான் விருப்பம்."

"வாப்பாக்குக் காட்டினயா?"

"இல்ல."

"ஏன்?"

"அவரு கேக்கல்லயே."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அவள் கொப்பிகள் இருந்த அலுமாரியைப் பார்த்தேன். திறக்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் நஸ்ரா பிடிபட்டுவிடுவாள். அதைவிட இன்னொன்றும் இருந்தது. கேட்க எனக்கு வரவில்லை. "சாப்பிட்டயா?" என்றேன். "ஓம் வாப்பா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் பகல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அந்தப் பதினொரு நாளில் என் மகளோடு நான் கதைத்தது, அதற்கு முந்திய பதினான்கு வருடத்தில் கதைத்ததைவிடக் கூட.

அதோடு விட்டிருக்கலாம். மஜீத் விடவில்லை.

"மச்சான், புள்ள நல்லம் எண்டு நீ எப்பிடிச் சொல்றாய்? ஆரோ அந்நியனோட இவ்வளவு கதைக்காளே. ஜும்ஆப் பயான்ல சொன்ன மாதிரிச் சோதிச்சிப் பாரு."

அவன் சொன்னது பிழை என்று இப்போது சொல்வது லேசு. அப்போது எனக்குச் சரியாகப் பட்டது. தூண் நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பது போல.

பதினோராம் நாள் எழுதினேன். "உன்ட படம் ஒண்டு அனுப்பு. வாப்பாக்குச் சொல்லாத."

எதிர்ப்பக்கம் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பிறகு பார்த்தால் ரிஸ்னாவே இல்லை. என்னை வெட்டிவிட்டாள். மஜீத் பார்த்துவிட்டுச் சொன்னான். "புளொக் பண்ணிட்டா. பாஸ்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகும் வழியில் அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் இருந்து காத்திருந்தேன். வந்து சொல்வாள். வாப்பா, ஒருத்தி இப்படிக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை என்பாள். நான் தலையில் கை வைத்து மாஷா அல்லாஹ் என்பேன். அதுவரைக்கும் மனதில் எழுதி வைத்திருந்தேன்.

அவள் வரவில்லை. அன்னாசியும் தொடவில்லை.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல வாப்பா."

மூன்று நாள் அவள் போனைத் தொடவில்லை. தெருவில் இறங்கினால் வழியில் வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கண்டிக்காரிக்குக் கல்முனைத் தெருவில் என்ன வேலை?

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளும் போனும் என்று ஒரு கூட்டம். வாப்பாமார் கட்டாயம் வர வேண்டும். சட்டையை இஸ்திரிக்கை போட்டுக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நானும் மஜீதும் பக்கத்தில் பக்கத்தில். ஜெஸீமா எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் வரிசை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தேத்தண்ணித் தட்டோடு திரிந்தார்கள். ரிஸ்னாவும் இருந்தாள்.

கணினி படிப்பிக்கிற டீச்சர் பேசினார். காரைதீவுக்காரர். மெலிந்த ஆள், குரல் பெரிது.

"ஊருல நடந்தது, உலகத்துல நடந்தது எண்டு நான் சொல்ல வரல்ல. நம்மட பள்ளிக்கூடத்துப் புள்ளக்கே நடந்திரிக்கி. புள்ளட பேர் சொல்ல மாட்டன். பாருங்க."

விளக்கை அணைத்தார்கள். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நஸ்ரா. கண்டி.

ஒவ்வோர் எழுத்தும் ஒரு செங்கல் அளவு. அந்தச் சுவரைப் பூசியவன் நான்தான். மட்டம் பிடித்து, வழுவழுவென்று பூசியிருந்தேன். எழுத்து சுத்தமாகத் தெரிந்தது.

மஜீத் தேத்தண்ணியை விழுங்க மறந்தான்.

டீச்சர் ஒரு தடி வைத்திருந்தார். "கண்டி எண்டு சொல்றா. சரி. இஞ்ச பாருங்க. மறுகா. இஞ்ச, மறுகா. இதுல, மறுகா. பத்தொன்பது மறுகா! காரைதீவுல மறுகா எண்டுவம். கல்முனையில மறுகா எண்டுவம். கண்டிப் புள்ள ஒண்டு மறுகா எண்டுமா?"

"இல்ல!" என்றது மண்டபம். நானும் சேர்ந்து சொன்னேன். வேறு என்ன செய்வது?

"அப்ப இந்த ஆள் எங்க இரிக்கான்? நமக்குள்ளதான் இரிக்கான். அதத்தான் அந்தப் புள்ளயும் கண்டு பிடிச்சிரிக்கி. தெருவுல போற ஒவ்வொருத்தரையும் பாத்து, இவரா, அவரா எண்டு பயந்து பயந்து போகுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தடி நகர்ந்தது. "இன்னொண்டு. கனவளவு கேட்டா, ஒரு கியூப் எண்டு மறுமொழி. மணல் எண்டு மறுமொழி. பதினாலு வயசுப் பொம்புளப் புள்ளக்கு மணல் கணக்கு எப்பிடித் தெரியும்?"

பின்வரிசையில் ஒருவர், "மேசன்மாரெல்லாம் எழும்புங்கடா!" என்றார். சிரிப்பு. மண்டபத்தில் ஏழு மேசன்மார் இருந்தோம். ஆறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மஜீத் கதிரையை அரை அடி தள்ளிப் போட்டான். (சத்தம் வராமல் போட்டான். டைல்ஸ்காரன் அல்லவா.)

எதிர்ப்பக்கத்தில் ஜெஸீமா தலையை நிமிர்த்தினாள். பதினேழு வருடம் என்னோடு இருந்தவள். மறுகாவையும் கியூப்பையும் கூட்டிப் பார்த்தாள். விடை வந்தது. என்னை நேராகப் பார்த்தாள்.

அடுத்த பக்கத்தில் சில வரிகளைக் கறுப்புப் பட்டி போட்டு மறைத்திருந்தார்கள். வீட்டு விஷயம், அதனால் மறைத்தோம் என்றார் டீச்சர். பட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்த மண்டபத்தில் எனக்குத் தெரியும். எங்கட வாப்பா கதைக்க மாட்டாரு.

கடைசியில் அந்த வரி வந்தது. உன்ட படம் ஒண்டு அனுப்பு. வாப்பாக்குச் சொல்லாத. என் எழுத்தை நானே முதல் தரம் வாசித்தது போல இருந்தது. எழுதும்போது அது சோதனை. சுவரில் பார்க்கும்போது அது வேறு.

"புள்ள படம் அனுப்பல்ல. கதைச்சதையெல்லாம் அழிக்காம வெச்சிரிந்தா. எங்கிட்ட வந்து சொன்னா. எல்லாம் சரியாச் செஞ்சிரிக்கா. நான் கேட்டன், ஏன் மகள் வீட்ட சொல்லல்ல எண்டு. என்ன சொன்னா தெரியுமா? சொன்னா போன் போயிரும் டீச்சர், போன் போனாப் படிப்பும் போயிரும் எண்டா. புள்ள அந்நியனுக்குப் பயந்தது ஒரு பங்கு. வாப்பாக்குப் பயந்தது ரெண்டு பங்கு."

அத்திவாரம், கொங்கிரீட், இரண்டு மாடி எல்லாம் என் மேல் வந்து இறங்கின.

முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். கடைக்காரர், ஊரில் மதிப்பான ஆள். "டீச்சர், இதுக்கு ஒரே மருந்துதான். பொம்புளப் புள்ளைகள்ட போன எல்லாத்தையும் வாங்கி எடுங்க."

"ஓம் ஓம்" என்று நாலு பேர்.

இன்னொருவர், "அந்தப் புள்ள என்னத்துக்கு மறுமொழி குடுத்த? அதையல்லவா முதல்ல கேக்கணும்?" என்றார்.

டீச்சர் ஏதோ சொல்லப் பார்த்தார். குரல் எடுபடவில்லை. நான் கதவடியைப் பார்த்தேன். ரிஸ்னா தட்டோடு நின்றாள். தலை குனிந்திருந்தது. பிள்ளை எல்லாம் சரியாகச் செய்திருக்கிறாள். ஆனால் வழக்கு அவள் மேல் நடக்கிறது. நான் பேசாமல் இருந்தால் இனி எதையும் எவரிடமும் சொல்ல மாட்டாள். டீச்சரிடமும் சொல்ல மாட்டாள். போனும் போகும். அந்தக் கொப்பியும் அலுமாரிக்குள்ளேயே கிடக்கும்.

எழும்பினேன். மஜீத் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அது கிழிந்தது. கிழிந்த சட்டையோடு நின்றேன்.

"டீச்சர்" என்றேன். "நான்தான் நஸ்ரா."

முன்வரிசை முழுக்கத் திரும்பியது.

"அது என்ட மகள். புள்ளயில பிழை இல்ல. சோதிச்சிப் பாக்கணும் எண்டு நான்தான் எழுதின."

பின்வரிசையில் அதே ஆள், "வஅலைக்கும் ஸலாம் நஸ்ரா!" என்றார்.

அப்படி ஒரு சிரிப்பை அந்த மண்டபம் அதற்கு முன்பும் பின்பும் கேட்டிருக்காது. பள்ளிக்கூட அதிபர் மேசையில் தலை வைத்துச் சிரித்தார். கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். பெண்கள் பக்கம் முந்தானையெல்லாம் வாயில். ஜெஸீமா சிரிக்கவில்லை. ரிஸ்னா தட்டை மேசையில் வைத்தாள். ஒரு கோப்பையும் சிந்தாமல் வைத்தாள். வெளியே போனாள்.

டீச்சரும் சிரிக்கவில்லை.

"ஏன் காக்கா?" என்றார், அண்ணனைக் கேட்பது போல.

"மகளோட கதைக்கத் தெரியல்ல டீச்சர்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. டீச்சர் விளக்கைப் போடச் சொன்னார். "இவரு எழும்பிச் சொல்லிட்டாரு. மத்த வாப்பாமார்? புள்ளயோட கதைக்கத் தெரியாதவங்க கையத் தூக்குங்க பாப்பம்" என்றார்.

ஒருவரும் தூக்கவில்லை. எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். போன்களை வாங்குகிற கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ரிஸ்னா என்னோடு ஆறு நாள் கதைக்கவில்லை. ஏழாம் நாள் பின்னேரம் குசினிப் படியில் இருந்தாள். நான் கீழே மணலில் இருந்தேன்.

"நஸ்ராவ எனக்கு விருப்பம் வாப்பா" என்றாள். "அவ ஏமாத்திட்டா எண்டு ரெண்டு நாள் அழுதன். மறுகா பாத்தா அவ இல்லவே இல்ல."

ஒரு பிள்ளையின் கூட்டாளியை மௌத்தாக்கியவன், சாகடித்தவன் நான். ஜனாஸா அடக்கமும் இல்லை, கத்தம் ஓதலும் இல்லை.

"மன்னிச்சிக்க மகள்" என்றேன். என் உம்மாவிடம்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

"நஸ்ராட வாயில கேட்டத உங்கட வாயில கேட்டிரிக்கலாமே."

"கேக்கத் தெரியா."

"அவக்குத் தெரிஞ்சிதே. மறுகா, மறுகா எண்டு கேட்டாதானே."

குசினிக்குள் இருந்து ஜெஸீமா, "அந்தக் கண்டிக்காரியக் கூட்டி வாங்க. இவர அனுப்பிருவம்" என்றாள். ரிஸ்னா சிரித்தாள். என் முன்னால் சிரித்தாள்.

அடுத்த நாள் வேலையில் மிஞ்சிய சீமெந்தைக் கொண்டு வந்து அந்தப் படியைப் பூசினேன். காய முன் ஆணியால் எழுதினேன். சொண்ணா போன் போகாது. ரிஸ்னா பார்த்துவிட்டு, "வாப்பா, ரெண்டு சுழி ன" என்றாள். அதற்குள் இறுகிவிட்டது. இன்றைக்கும் பிழையோடுதான் கிடக்கிறது. கொப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இருபத்திரண்டு வீடு கீறியிருந்தாள். ஒரு வீட்டிலும் மதில் இல்லை. ஏன் என்று கேட்டேன். நீளமான மறுமொழி வந்தது. முழுக்கக் கேட்டேன்.

ஊர் என்னை விடவில்லை. நஸ்ரா மேசன் என்றால்தான் மணல் லொறிக்காரனுக்கே வீடு தெரியும். கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது, "நஸ்ராத் தாத்தாக்கு இறைச்சி வைங்க" என்பார்கள். (எங்கள் பக்கம் தாத்தா என்றால் அக்கா.) ஜெஸீமாவின் போனில் என் பேர் இன்னும் நஸ்ரா கண்டிதான். நான் கூப்பிட்டால் பூனைக்குட்டி வரும். மஜீதைக் கேட்டால், தான் அன்றைக்குக் கூட்டத்துக்கே போகவில்லை என்பான்.

ரிஸ்னா இப்போது உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படிக்கிறாள். போன மாதம் நான் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து நேரே அங்கே வந்தாள். கீழே நின்றாள். முகம் சரியில்லை.

"வாப்பா, ஒண்டு சொல்லணும்."

இறங்கினேன். கையெல்லாம் சாந்து. அவள் போனை நீட்டினாள்.

"ஒருத்தன் எழுதுறான். முதல்ல பாடம் கேட்டான். இப்ப வேற மாதிரி கதைக்கான். எனக்குப் பயமா இரிக்கி."

யாரவன், எந்த ஊர், நீ ஏன் மறுமொழி கொடுத்தாய், நாற்பது கேள்வி தொண்டையில் நின்றன. பக்கத்தில் புதிதாக வெட்டிய அத்திவாரம் ஒன்றும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அதையும் பார்த்தேன்.

கையை உடுப்பில் துடைத்தேன். ஒரு கல்லில் இருந்தேன். அவளுக்கும் ஒரு கல்லைக் காட்டினேன்.

"மறுகா?" என்றேன்.

சொன்னாள். முழுக்கச் சொன்னாள். அழிக்காமல் வைத்திருந்தாள். டீச்சரிடம் இருவருமாகப் போவோம், பிறகு பொலிசுக்கும் போவோம் என்று முடிவு செய்தோம்.

எழும்பும்போது கேட்டேன். "ஆரெண்டு ஏதும் தெரியுமா புள்ள?"

"தெரியா வாப்பா" என்றாள். "ஆனா ஒரு இடத்துலயும் மறுகா எண்டு எழுதல்ல. அப்ப நீங்க இல்ல."